நான்கு கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குப் பவர் சப்ளை தேர்ந்தெடுப்பது எப்படி?

கிராஃபிக்ஸ் கார்டுக்கு மாதக்கணக்கில் விலை பார்த்து, மதர்போர்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்து, பவர் சப்ளையை மட்டும் மீதமிருக்கும் பணத்துக்கு ஏற்றாற்போல் பட்டியலின் கடைசியில் எழுதிக்கொள்வது நம்மிடையே பரவலான வழக்கம். ரிச்சி தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என்று கேட்டால் எடுத்துத் தரும் இந்தப் பெட்டி, ஒரே ஒரு கார்டு உள்ள கணினியில் இந்த அலட்சியத்தைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். மூன்று நான்கு கார்டுகளைப் பூட்டி, மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்கவோ முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்யவோ நாட்கணக்கில் ஓடவிடும் இயந்திரத்தில் அது பொறுத்துக்கொள்ளாது.

நான் முதன்முதலில் கட்டிய மூன்று கார்டு இயந்திரத்தில் எல்லாப் பாகங்களின் மின்தேவையையும் கூட்டினால் 1250 வாட்; வாங்கிய பவர் சப்ளையின் மேல் 1300 வாட் என்று அச்சிட்டிருந்தது. ஒவ்வொரு கார்டையும் தனித்தனியே சோதித்தபோது மணிக்கணக்கில் நன்றாக ஓடியது. மூன்றையும் சேர்த்துப் பயிற்சியைத் தொடங்கிய சில நொடிகளில் சத்தமே இல்லாமல் அணைந்தது. பவர் சப்ளையில் கோளாறு இல்லை. தன்னைக் காத்துக்கொள்வதற்காக அது சரியாகவே அணைந்திருந்தது என்பதையும், பிழை நான் கணக்கிட்ட முறையில்தான் இருந்தது என்பதையும் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்தக் கணக்கை எப்படிப் போட்டிருக்க வேண்டும் என்பதை, நான்கு ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் கொண்ட ஓர் இயந்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே எழுதுகிறேன். 2020-இல் வந்த இந்தக் கார்டு இன்றும் பழைய சந்தையில் தேடப்படுவதற்கு அதன் 24 ஜிபி நினைவகமே காரணம். புதிய கார்டுகளை வைத்திருப்பவர்கள் எண்களை மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில் கூட்டல்

ஆர்டிஎக்ஸ் 3090-க்கு அதன் தயாரிப்பாளரான என்விடியா குறித்திருக்கும் மின்தேவை 350 வாட். ஒப்பீட்டுக்குச் சொன்னால், 2022-இல் வந்த 4090-க்கு 450 வாட், 2025-இல் வந்த 5090-க்கு 575 வாட். பணிநிலையத்துக்கென்றே செய்யப்படும் ஏ6000 போன்ற கார்டுகள் 300 வாட்டோடு நின்றுவிடுகின்றன. அவற்றின் விலை அதிகமாக இருந்தாலும், நான்கைந்து கார்டுகளை ஒரே பெட்டிக்குள் வைக்க நினைப்பவர்கள் அந்த 300 என்ற எண்ணையும் விலைக்கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் நான்கு கார்டுகளுக்கு 1400 வாட். நான்கு கார்டுகளுக்கும் போதிய பிசிஐ பாதைகள், அதாவது செயலியோடு தரவைப் பரிமாறும் வழிகள், வேண்டுமென்பதால் ஏ.எம்.டி.யின் திரெட்ரிப்பர் புரோ அல்லது எபிக் வகைச் செயலி தேவைப்படுகிறது. திரெட்ரிப்பர் புரோ 5000 வரிசைக்கு 280 வாட் வைத்துக்கொள்ளலாம். எட்டு நினைவகக் குச்சிகள், மதர்போர்டு, விசிறிகள், சேமிப்பகம் ஆகியவற்றுக்கு 120 வாட் ஒதுக்கினால் மொத்தம் 1800 வாட் வருகிறது.

தொடர்ந்து ஓடும் சுமை, பவர் சப்ளையின் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் விதி. அதன்படி 2250 வாட் வேண்டும். பலர் சொல்வதுபோல் திறனில் பாதியிலேயே ஓட்ட வேண்டியதில்லை. பாதிச் சுமையில்தான் செயல்திறன், அதாவது சுவரிலிருந்து இழுத்த மின்சாரத்தில் கணினிக்குப் போய்ச் சேரும் பங்கு, உச்சத்தில் இருக்கும் என்பது உண்மையே ஆனாலும், அதற்கும் 80 சதவீதச் சுமைக்கும் உள்ள வேறுபாடு நல்ல பவர் சப்ளையில் ஓரிரு சதவீதப் புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். மிச்சமுள்ள 20 சதவீதம் செயல்திறனுக்காக அல்ல. வெப்பத்துக்காகவும், ஆண்டுகள் செல்லச் செல்லக் கெப்பாசிட்டர்கள் தேய்வதற்காகவும், அடுத்து விளக்கப்போகும் பாய்ச்சலுக்காகவும் ஒதுக்கப்படுவது.

கார்டுகள் ஒன்றாகப் பாயும் கணம்

350 வாட் என்பது சராசரி. கார்டின் உள்ளே ஆயிரக்கணக்கான கணக்கீட்டு அலகுகள் சும்மா இருந்த நிலையிலிருந்து ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கும்போது, மின்னோட்டத் தேவை மைக்ரோ நொடிகளில் ஏறிவிடுகிறது. கார்டின் மின்வரம்புக் கட்டுப்பாடோ அதை அளந்து, வேகத்தைக் குறைக்கும்படி ஆணையிடுவதற்குள் பல மில்லி நொடிகள் கடந்துவிடுகின்றன. அந்த இடைவெளியில் 3090 போன்ற ஒரு கார்டு 500 வாட்டுக்கு மேலும் இழுக்கும். மின்னளவி இதைக் காட்டாது, ஏனென்றால் அது காட்டுவதும் சராசரியே. ஆனால் பவர் சப்ளைக்குள் இருக்கும் மிகுமின் காப்பு, அதாவது அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கப்பட்டால் பெட்டியை அணைக்கும் சுற்று, அதைப் பார்க்கிறது.

விளையாட்டுக் கணினிகளுக்காக எழுதப்பட்ட அறிவுரைகள் இங்கே பொருந்தாமல் போவதற்கான காரணமும் இதுவே. பல கார்டுகளில் தரவைப் பங்கிட்டுப் பயிற்சி நடத்தும்போது, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லாக் கார்டுகளும் தாம் கண்ட விடைகளை ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்ளக் காத்திருக்கின்றன. பரிமாற்றம் முடிந்ததும் அடுத்த சுற்றை ஒன்றாகத் தொடங்குகின்றன. தேர் வடத்தை நூறு பேர் ஆளுக்கொரு நேரத்தில் இழுப்பதற்கும், குரல் கொடுத்து ஒரே மூச்சில் இழுப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. நான்கு கார்டுகளின் பாய்ச்சலும் தற்செயலாக ஒன்று சேர்வதில்லை. மென்பொருளே அவற்றை நொடிக்குப் பலமுறை ஒன்று சேர்க்கிறது. என் 1300 வாட் பெட்டி அணைந்தது இந்தக் காரணத்தால்தான்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒரு பெரிய மொழி மாதிரியின் அடுக்குகளை நான்கு கார்டுகளில் பிரித்து வைத்து, ஒரே ஒருவருக்காக விடை பெறும் முறையில், ஒரு கார்டு வேலை செய்யும்போது மற்றவை தம் முறைக்காகக் காத்திருக்கும். அந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே இயந்திரம் கட்டுபவர், நான்கு கார்டுகளுக்கும் முழு மின்தேவையைக் கூட்டுவது வீண் செலவு. ஒவ்வோர் அடுக்கையும் எல்லாக் கார்டுகளுக்கும் பங்கிடும் முறைக்கு அவர் மாறிய நாளில் நிலைமை தலைகீழாகிவிடும். ஆகவே கார்டு எத்தனை என்று கேட்பதற்கு முன், அவை ஒன்றாக ஓடுமா, மாறி மாறி ஓடுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கணினிப் பவர் சப்ளைகளுக்கென இன்டெல் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 வரையறை இந்தப் பாய்ச்சலை வெளிப்படையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதன்படி செய்யப்பட்ட பெரிய பவர் சப்ளை, தன் திறனைப்போல் இருமடங்குச் சுமையை 100 மைக்ரோ நொடிகளுக்கும், 180 சதவீதத்தை 1 மில்லி நொடிக்கும், 160 சதவீதத்தை 10 மில்லி நொடிகளுக்கும், 120 சதவீதத்தை 100 மில்லி நொடிகளுக்கும் தாங்கியாக வேண்டும். புதிதாக வாங்குபவர் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்ற குறிப்பு இல்லாத பெட்டியைப் பல கார்டுகளுக்கு வாங்குவதற்கு இன்று எந்தக் காரணமும் இல்லை. 2020, 2021 ஆண்டுகளின் பழைய வடிவமைப்பு எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும், இந்தச் சோதனைக்கு உட்படாதது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பெரிய பெட்டிக்கு முன் சிறிய வரம்பு

2250 வாட் என்ற எண்ணைக் கண்டதும் பெரிய பவர் சப்ளையைத் தேடிப் புறப்படுவதற்கு முன், கார்டுகளின் மின்வரம்பைக் குறைத்துப் பார்ப்பதே அறிவுடைமை. என்விடியா-எஸ்எம்ஐ என்ற மென்பொருள் கருவியில் ஒரே ஒரு கட்டளையால் ஒவ்வொரு கார்டுக்கும் வரம்பு விதிக்கலாம். கார்டுகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது, கடைசிச் சில சதவீத வேகத்துக்காக மிக அதிகமான மின்னழுத்தத்தில் ஓடும்படி அமைக்கப்பட்டிருப்பதால், மின்சாரத்தைக் கால்பங்கு குறைத்தாலும் வேகம் அதே அளவுக்குக் குறைவதில்லை. நினைவகத்தின் வேகத்தை நம்பியிருக்கும் மொழி மாதிரிப் பணிகளில் இழப்பு இன்னும் சிறியது.

ஒவ்வொரு கார்டையும் 230 வாட்டுக்கு இறக்கினால் நம் இயந்திரத்தின் கூட்டுத்தொகை கார்டுகளுக்கான 920-உம் செயலி முதலான மற்றவற்றுக்கான 400-உம் சேர்ந்து 1320 வாட்டாகிறது. 1600 வாட் பவர் சப்ளையில் இது 82 சதவீதம். பயிற்சியின்போது செயலி முழு 280 வாட்டையும் இழுப்பது அரிது என்பதால், இதை நான் ஏற்றுக்கொள்வேன். 2250 வாட்டுப் பெட்டி கிடைப்பதும் அரிது, விலையும் கடுமை. 1600 வாட்டில் நல்ல பெட்டிகள் பல கிடைக்கின்றன.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. கணினியை மறுதொடக்கம் செய்தால் இந்த வரம்பு மறைந்துவிடும். எனவே ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அதைத் தானாக விதிக்கும் ஒரு சேவையை இயங்குதளத்தில் எழுதி வைக்க வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் போய் வந்து, இயந்திரம் தானே எழுந்து, வரம்பில்லாமல் பயிற்சியைத் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அடுத்து, மின்வரம்பு சராசரியைத்தான் கட்டுப்படுத்தும். மைக்ரோ நொடிப் பாய்ச்சலை அது முழுமையாக அடக்காது. அதை அடக்க, அதே கருவியால் கார்டின் கடிகார வேகத்துக்கு ஒரு மேல்வரம்பு வைப்பது அதிகப் பயனளிக்கும். என் அனுபவத்தில் இரண்டையும் சேர்த்துச் செய்த பிறகுதான் இயந்திரம் முழு அமைதிக்கு வந்தது.

கேபிள்களை எண்ணுங்கள்

வாட் கணக்கு முடிந்தவுடன் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். எத்தனையோ பெட்டிகள் அடுத்த படியில்தான் தகுதி இழக்கின்றன. எட்டு பின் கனெக்டர் ஒன்று 150 வாட் தரலாம். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரலாம். 3090 கார்டுகள் பலவற்றில் இரண்டோ மூன்றோ எட்டு பின் துளைகள் இருக்கும். மூன்று வீதம் நான்கு கார்டுகளுக்குப் பன்னிரண்டு. 1600 வாட் என்று எழுதியிருக்கும் பெட்டியில் அத்தனை வாய்கள் உள்ளனவா என்று படத்தைப் பார்த்து எண்ண வேண்டும். பல பெட்டிகளில் இருக்காது.

குறை வரும்போது, ஒரே கேபிளின் முனையில் இரண்டு கனெக்டர்கள் தொங்கும் இரட்டைவால் கேபிளைப் பயன்படுத்தத் தோன்றும். அந்தக் கேபிளில் 12 வோல்ட் சுமக்கும் கம்பிகள் மூன்றே. இரண்டு கனெக்டர்களிலும் சேர்த்து 300 வாட் இழுத்தால், 25 ஆம்பியரை மூன்று கம்பிகள் பங்கிட்டுக்கொள்ள, கம்பிக்கு 8 ஆம்பியருக்கு மேல் வருகிறது. சிறிது நேர விளையாட்டுக்கு அது தாங்கும். மூன்று நாள் இடைவிடாப் பயிற்சிக்கு, அதுவும் மே மாதத்தில், கார்டுக்கு இரண்டு தனிக் கேபிள்களாவது கொடுப்பதே முறை. மூன்று துளை உள்ள கார்டாக இருந்தால் ஒரு தனிக் கேபிளும் ஓர் இரட்டைவால் கேபிளும் கொடுத்து, மின்வரம்பைக் குறைத்து ஓட்டலாம்.

கார்டுகளின் ஸ்லாட் வழியாக வரும் மின்சாரத்தை எவரும் நினைப்பதில்லை. ஒரு ஸ்லாட் 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் வரை தரலாம் என்பது வரையறை. நான்கு கார்டுகளும் அவ்வளவையும் எடுத்தால் 22 ஆம்பியர். அது மதர்போர்டுக்குள் நுழையும் 24 பின் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு உள்ள பின்கள் இரண்டே. பின்னுக்கு 11 ஆம்பியர் என்பது அந்தக் கனெக்டரைக் கருக்கிவிடக் கூடிய அளவு. அதனால்தான் பணிநிலைய மதர்போர்டுகளின் ஓரத்தில் கூடுதலாக ஒரு ஆறு பின் அல்லது எட்டு பின் துளை இருக்கிறது. கணினி அது இல்லாமலும் தொடங்கிவிடும் என்பதால் பலர் அதைச் செருகாமலே விட்டுவிடுகிறார்கள். அதையும் கேபிள் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். செயலிக்கான எட்டு பின் கேபிள்கள் இரண்டு தேவைப்படும் மதர்போர்டுகளும் இவையே.

ஸ்லாட்டிலிருந்து கார்டைத் தள்ளி வைக்க ரைசர் பலகை பயன்படுத்துபவர்கள், ரைசருக்கு, வட்டுகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிளிலிருந்து மின்சாரம் கொடுக்கவே கூடாது. சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். ஸ்லாட் வழியாகக் கார்டு கேட்கக்கூடியது 66 வாட். கிரிப்டோ சுரங்கங்கள் கொழித்த காலத்தில் உருகிய கேபிள்கள் பலவற்றின் கதை இந்த ஒரே கழித்தலில் அடங்கிவிடும்.

4090, 5090 கார்டுகளை வைத்திருப்பவர்களுக்குக் கவலை வேறு. அவற்றின் பதினாறு பின் கனெக்டர், ஆறு இணை பின்களின் வழியாக 600 வாட்டை, அதாவது 50 ஆம்பியரைக் கடத்துகிறது. பின்னுக்கு 8 ஆம்பியருக்கு மேல் ஓடும் இடத்தில், அதன் தாங்குதிறன் 9 ஆம்பியரைச் சற்றே தாண்டி நிற்கிறது. எட்டு பின் கனெக்டரில் இருந்த தாராளம் இதில் இல்லை. 2022 அக்டோபரில் 4090 வெளிவந்த சில வாரங்களிலேயே உருகிய கனெக்டர்களின் படங்கள் வரத் தொடங்கின. கனெக்டர் முழுமையாகச் செருகப்படாததே பொதுவான காரணம் என்று என்விடியா அறிவித்தது. அதன் பிறகு 2023-இல் வந்த 12வி-2×6 என்ற திருத்தத்தில், கேபிள் செருகப்பட்டதைக் கார்டுக்குத் தெரிவிக்கும் உணர்வு பின்களைக் குட்டையாக்கி, அரைகுறையாகச் செருகினால் கார்டு மின்சாரம் கேட்காதபடி செய்தார்கள். திருத்தப்பட்ட வடிவத்தைக் கொண்ட கார்டையும் பவர் சப்ளையையும் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆனாலும், ஆறு பின்களில் ஒன்று மட்டும் அதிக மின்னோட்டத்தைச் சுமக்கும் நிலையை இந்தத் திருத்தம் தடுப்பதில்லை. கனெக்டரின் வாயிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை கேபிளை வளைக்காமல் விடுவதும், அடாப்டரைத் தவிர்த்துப் பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் கேபிளைப் பயன்படுத்துவதும், இங்கேயும் 450 வாட்டுக்குக் கீழ் வரம்பு வைப்பதுமே கையில் உள்ள வழிகள்.

கேபிள்களைப் பற்றி இன்னும் ஒன்று. கழற்றி மாட்டும் கேபிள்களில், கார்டுப் பக்க முனை எல்லாருக்கும் பொதுவானது. பவர் சப்ளைப் பக்க முனைக்கு எந்தப் பொது வரையறையும் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளில்கூட பின் அமைப்பு மாறியிருக்கும். பழைய பெட்டியின் கேபிள் புதிய பெட்டியில் அழகாகப் பொருந்தி, சொடுக்கென்று பூட்டிக்கொண்டு, முதல் நொடியிலேயே சேமிப்பகத்தையும் கார்டையும் எரித்துவிட்ட நிகழ்வுகள் உண்டு. கேபிள் இல்லாமல் விற்கப்படும் பழைய பவர் சப்ளை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சுவரிலிருந்து வரும் கணக்கு

230 வோல்ட் நாடுகளில் இருப்பது இந்த ஒரு விஷயத்தில் நமக்கு வாய்த்த வசதி. 120 வோல்ட் உள்ள அமெரிக்காவில் வழக்கமான 15 ஆம்பியர் இணைப்பு 1800 வாட்டோடு முடிகிறது. தொடர் சுமைக்கு அதில் 80 சதவீதம், அதாவது 1440 வாட் மட்டுமே எடுக்கலாம். 2000 வாட்டுக்கு மேற்பட்ட பவர் சப்ளைகளில் சில, 200 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் முழுத்திறனைத் தரும் என்று அவற்றின் முத்திரையிலேயே எழுதியிருக்கும்.

ஆனால் நம் வீட்டுச் சுவரிலும் வரம்பு உண்டு. 1320 வாட் சுமையை 92 சதவீதச் செயல்திறனுள்ள பெட்டி வழியாக எடுத்தால் சுவரிலிருந்து 1435 வாட் இழுக்கப்படும்; 230 வோல்ட்டில் அது 6.2 ஆம்பியர். மேசைக்கு அருகில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் அதற்குப் போதாது. எக்ஸ்டென்ஷன் பெட்டி அறவே கூடாது. மின்வரம்பு இல்லாத 1800 வாட் சுமைக்கு 8.5 ஆம்பியர். கோடை மாலையில் மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கும் ஊர்களில், அதே சுமை 10 ஆம்பியரைத் தாண்டிவிடும், ஏனென்றால் மின்னழுத்தம் குறையும்போது பவர் சப்ளை கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து ஈடுகட்டிக்கொள்கிறது. சாதாரணக் கணினிக் கேபிளின் முனையான சி13 கனெக்டரின் வரம்பு 10 ஆம்பியர். அதனால்தான் பெரிய பவர் சப்ளைகளின் பின்புறம், சி19 கேபிள் பொருந்தும் சி20 என்ற பெரிய துளை இருக்கிறது. இந்த இயந்திரத்துக்கு ஏ.சி.க்குக் கொடுப்பதுபோல் தனி எம்.சி.பி.யிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் இழுத்துக்கொள்ள வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் "கம்ப்யூட்டருக்கு" என்று சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே மெல்லிய கம்பியைப் போட்டுவிடுவார். "ஏ.சி. பாயிண்ட்" என்று சொல்வதே சரி.

எர்த் இணைப்பைச் சோதிக்கவும் அதே நாளில் சொல்லிவிடலாம். பவர் சப்ளையின் வடிகட்டிச் சுற்று, எர்த் இல்லாத இடத்தில் கணினிப் பெட்டியின் உலோகத்தை ஏறத்தாழப் பாதி மின்னழுத்தத்தில் மிதக்க வைக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் விரலில் சுருக்கென்று உறைப்பதோடு அது போய்விடும். இருந்தாலும், இரண்டு இயந்திரங்களைக் கேபிளால் இணைக்கும்போது அதே மின்னழுத்தம் நெட்வொர்க் துளைகளைக் கெடுக்கக் கூடும்.

வெப்பத்தையும் சுவர்க் கணக்கிலேயே சேர்க்கலாம். இழுத்த 1435 வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே முடிகிறது. ஒரு டன் ஏ.சி. வெளியேற்றுவது சுமார் 3500 வாட் வெப்பம். ஆக, இந்த இயந்திரம் மட்டுமே ஒரு டன் ஏ.சி.யில் ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றுவிடும். பவர் சப்ளையின் முழுத்திறன் எந்த வெப்பநிலைக்குச் சொல்லப்பட்டது என்பதை வாங்கும்போதே பார்க்க வேண்டும். நல்ல பெட்டிகள் 50 டிகிரி செல்சியஸுக்கு உறுதி சொல்கின்றன. 40 டிகிரிக்கு மட்டும் சொல்லும் பெட்டி, சித்திரை வெயிலில் நான்கு கார்டுகளின் சூட்டுக்கு நடுவே அச்சிட்ட திறனைத் தராது.

யு.பி.எஸ்., இன்வெர்ட்டர்

வீட்டு இன்வெர்ட்டர் இந்தச் சுமையைத் தாங்காது என்பது எண்களிலிருந்தே தெரியும். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டர்கள், இன்றைய பவர் சப்ளைகளில் மின்னோட்டத்தை மின்னழுத்த அலையோடு ஒத்து இழுக்கவைக்கும் சக்திக்காரணித் திருத்தச் சுற்றோடு ஒத்துப்போகாமல், மின்சாரம் மாறும் கணத்திலேயே கணினியை அணைத்துவிடவும் கூடும். தூய சைன் அலை தரும் யு.பி.எஸ். வேண்டும். அதன் திறனை வி.ஏ. எண்ணால் அல்லாமல் வாட் எண்ணால் ஒப்பிட வேண்டும். மாறும் நேரமும் முக்கியம். முழுச் சுமையில் ஏடிஎக்ஸ் 3.0 பெட்டி 17 மில்லி நொடிகள் மின்சாரமின்றித் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றிருந்ததை, 3.1 வரையறை 12 மில்லி நொடிகளாகக் குறைத்துவிட்டது. புதிய வரையறை எல்லா வகையிலும் மேம்பட்டது என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மாறும் நேரமே இல்லாத ஆன்லைன் வகை, 3 கே.வி.ஏ. அளவில் வாங்கினால் இந்தக் கவலை தீரும். அதற்குப் பணம் இல்லாதவர், பயிற்சியின் இடைநிலையை அரை மணிக்கொருமுறை சேமித்து வைத்துவிட்டு யு.பி.எஸ். இல்லாமலும் காலம் தள்ளலாம்.

தங்கமா, டைட்டேனியமா

பவர் சப்ளையின் செயல்திறனுக்குத் தரப்படும் 80 பிளஸ் முத்திரையில் 230 வோல்ட் சோதனைப்படி, பாதிச் சுமையில் கோல்டு 92 சதவீதமும் டைட்டேனியம் 96 சதவீதமும் எட்ட வேண்டும். நம் இயந்திரத்தில் இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 60 வாட் வேறுபாடு வரும். ஆண்டு முழுக்க இடைவிடாமல் ஓடினால் 525 யூனிட்டுகள். இயந்திரம் மொத்தமாக நாளொன்றுக்கு 34 யூனிட் வீதம் எடுக்கும் என்பதால், இரண்டு மாதத்துக்கொருமுறை கணக்கெடுக்கும் தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் எப்படியும் மேல் படிநிலைக் கட்டணத்தில்தான் இருப்பீர்கள். சேமிக்கும் ஒவ்வொரு யூனிட்டையும் அந்த விலையிலேயே கணக்கிட வேண்டும். நாள் முழுக்க ஓட்டுபவருக்கு பிளாட்டினம் அல்லது டைட்டேனியம் சில ஆண்டுகளில் விலையை ஈடுகட்டும். மாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்குக் கோல்டு போதும். இந்த முத்திரை செயல்திறனை மட்டுமே சொல்கிறது. மின்னழுத்தம் எவ்வளவு சீராக இருக்கும், பாய்ச்சலை எப்படித் தாங்கும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இரண்டு பவர் சப்ளைகள்

மின்வரம்பை ஏற்க மனமில்லாதவர்களுக்கும், ஆறு எட்டுக் கார்டுகள் வைப்பவர்களுக்கும் இது தவிர்க்க முடியாததாகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் எழுப்ப, முதல் பெட்டியின் மின்சாரம் வந்ததும் இரண்டாவதைத் தொடங்கும் சிறிய இணைப்புப் பலகை தேவை. ஒரு கார்டுக்கு வரும் எல்லா எட்டு பின் கேபிள்களும் ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டும். கார்டின் ஒரு துளைக்கு ஒரு பெட்டியும் மறு துளைக்கு வேறொரு பெட்டியும் என்று கலக்கக் கூடாது. மின்சாரம் பெறும் ரைசரைப் பயன்படுத்தினால், ரைசரும் கார்டும் ஒரே பெட்டியைச் சேர வேண்டும். இரண்டு பெட்டிகளையும் ஒரே எர்த் உள்ள ஒரே சுற்றில் செருகுவது நல்லது. மும்முனை இணைப்புள்ள வீட்டில் ஒன்றை இந்த அறையிலும் மற்றதை அடுத்த அறையிலும் செருகினால், அருகருகே தொங்கும் இரண்டு கேபிள்களின் முனைகளுக்கு இடையே 400 வோல்ட் இருக்கக் கூடும். இவ்வளவையும் சரியாகச் செய்பவர்கள் உண்டு. நான் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, 1600 வாட் ஒற்றைப் பெட்டிக்கும் மின்வரம்புக்கும் திரும்பிவிட்டேன்.

வாங்கி வந்த பிறகு

திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் சோதித்துவிட வேண்டும். சுவருக்கும் கணினிக்கும் இடையே, 16 ஆம்பியர் தாங்கும் ஒரு மின்னளவியைச் செருகி, ஜிபியு-பர்ன் போன்ற ஒரு சோதனையை எல்லாக் கார்டுகளிலும் ஒன்றாக ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அது நிலையான சுமையைச் சோதிக்கும். பாய்ச்சலைச் சோதிக்க, அதே நிரலை ஐந்து நொடி ஓட்டி, ஐந்து நொடி நிறுத்தி, மீண்டும் ஓட்டும்படி ஒரு சிறு சுழற்சியை எழுதி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். என் பழைய 1300 வாட் பெட்டி இந்தச் சோதனையை இரண்டு நிமிடம்கூடத் தாண்டியிருக்காது. கணினி மொத்தமாக அணையாமல், ஒரே ஒரு கார்டு மட்டும் காணாமல் போய், இயங்குதளப் பதிவில் எக்ஸ்ஐடி 79 என்ற பிழை தெரிந்தால், அந்தக் கார்டின் கேபிளையும் ரைசரையும் முதலில் சந்தேகியுங்கள். கார்டின் மேல் பழி போடுவது பிறகு.

ஒரு மணி நேர ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு கனெக்டரின் பிளாஸ்டிக்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. விரலை வைக்க முடியாத சூடு இருந்தால் அணைத்து, கழற்றி, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, மீண்டும் முழுமையாகச் செருகுங்கள். சுவரில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கையும் அதேபோல் தொட்டுப் பார்க்க வேண்டும். நான் பார்த்தவரை முதலில் சூடேறுவது பெரும்பாலும் அதுதான். பவர் சப்ளையில் விசிறியை நிறுத்தி வைக்கும் பொத்தான் இருந்தால், இந்த வகை இயந்திரத்தில் அதை அணைத்து, விசிறி எப்போதும் சுழலும்படி வைத்துவிடுங்கள்.